தமிழ்நாட்டு ஆசிரியர் சங்கங்களும் பணி உரிமைகளும்

தங்கள் ஊதியம், பணிப்பாதுகாப்பு, ஓய்வுக்கால வருவாய், பணியிட மரியாதை ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுப் பெற முடியாத ஆசிரியர்கள், கூடிக் கேட்பதற்காக அமைத்துக்கொண்டவை ஆசிரியர் சங்கங்கள். தமிழ்நாட்டில் இவற்றின் வரலாறு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. விடுப்பு, ஓய்வூதியம், விசாரணையின்றி நீக்கப்படாமை என இன்றைய அரசுப் பள்ளி ஆசிரியர் இயல்பாகக் கருதும் உரிமைகளுள் பெரும்பாலானவை மூன்று தலைமுறைக்கு முந்தைய ஆசிரியர்களுக்கு இருந்ததில்லை.

தோற்றம்

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவி மானியம் அளிக்கும் முறையைப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் மிஷன் பள்ளிகளும் ஊர்ப் பெரியவர்கள் நடத்திய பள்ளிகளும் இம்மானியத்தால் பெருகின. மானியம் வந்தது பள்ளிக்குத்தான். ஆசிரியருக்கு எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பது நிர்வாகியின் விருப்பம். தொடக்கப் பள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம். ஆய்வாளர் வந்து தேர்வு வைத்து, தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப மானியத்தைக் கணக்கிடும் முறை அங்கே நெடுங்காலம் இருந்தது. ஆய்வு நாளன்று ஊரில் காய்ச்சல் பரவியிருந்தாலோ, அறுவடைக்குப் பிள்ளைகள் போய்விட்டாலோ அந்த ஆண்டுக்கான ஆசிரியரின் பிழைப்பு அடிபட்டது. கோடை விடுமுறைக்கு முன் வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, பள்ளி திறந்ததும் மீண்டும் அமர்த்திக்கொண்டு, இரண்டு மாதச் சம்பளத்தை மிச்சப்படுத்திய நிர்வாகங்களும் இருந்தன.

இந்தச் சூழலில்தான் சங்கங்கள் முளைத்தன. 1890இல் சென்னையில் தோன்றிய பெண் ஆசிரியர் சங்கம் இந்தியாவின் முதல் ஆசிரியர் அமைப்பாகக் கொள்ளப்படுகிறது. ஐரோப்பியப் பெண் ஆசிரியர்களின் முயற்சியில் உருவான அது பரந்த இயக்கமாக வளரவில்லை. 1895இல் அமைந்த சென்னை ஆசிரியர் கில்டே பின்வந்தவற்றுக்கு உண்மையான வேர். அதை நிறுவுவதில் முன்னின்றவர் அக்காலத்தில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. பிற்காலத்தில் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராகவும் பேச்சாளராகவும் உலகறிந்த சாஸ்திரியின் பொதுவாழ்வு, சக ஆசிரியர்களைக் கூட்டியதிலிருந்துதான் தொடங்கியது. 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் உருவானபோதும் அவர் அதன் முன்னோடிகளுள் ஒருவர். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குறைந்த சம்பளக்காரர் வட்டிக் கடையில் சிக்காமல் தப்பக் கூட்டுறவு ஒன்றே வழி என்ற எண்ணம், பின்னாளில் மாவட்டந்தோறும் ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களாக விரிந்தது. மகள் திருமணம், வீடு, மருத்துவம் என்று வரும்போது பல ஆசிரியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இன்றும் 'சொசைட்டி' கடன்தான்.

1909இல் தென்னிந்திய ஆசிரியர் சங்கம் அமைந்தது. தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பகுதிகள் அனைத்தும் அடங்கிய மாகாணத்தின் கில்டுகளை அது ஒன்றிணைத்தது. ஆண்டு மாநாடுகள் கூட்டியது, இதழ் நடத்தியது. 1925இல் கான்பூரில் அனைத்திந்திய ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு உருவானது. இந்தத் தொடக்ககாலச் சங்கங்களில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களே மிகுதி. ஆங்கிலம் கற்றவர்கள், கோரிக்கையை மனுவாக எழுதத் தெரிந்தவர்கள். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளி ஆசிரியர், பள்ளியை நடத்திய மாவட்டக் கழகத்துக்கும் அதன் தலைவர்களுக்கும் கட்டுப்பட்டுத் தனியே கிடந்தார். உள்ளூர்த் தலைவரின் பகை ஒன்றே அவரை மாவட்டத்தின் மறுகோடிக்கு மாற்றப் போதுமானதாக இருந்தது. அவர்களைத் திரட்டிய அமைப்புகள் வலுப்பெற்றது விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில்தான்.

முப்பயன் திட்டம்

தமிழ்நாட்டு ஆசிரியர் வரலாற்றின் மிகப்பெரிய வெற்றி 1955இல் கிடைத்தது. காமராசர் முதலமைச்சர், சி. சுப்பிரமணியம் கல்வி, நிதி அமைச்சர், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநர். உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சேமநிதி, ஆயுள் காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் ஒருசேரத் தரும் முப்பயன் திட்டம் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தது. முதலில் தொடக்கப் பள்ளிகளுக்கு, பின்னர் உயர்நிலைப்பள்ளிகளுக்கு. தனியார் நிர்வாகத்தில் வேலை பார்த்தவருக்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஓய்வூதியம் என்பது அன்றைய இந்தியாவில் எந்த மாநிலமும் துணியாத ஏற்பாடு. பணம் கொடுப்பது அரசு என்றாகிவிட்டபின், நிர்வாகத்தின் பிடியும் தளர்ந்தது. உள்ளாட்சியின் கீழிருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களும் 1981இல் அரசு ஊழியர்களாயினர்.

இதே காலத்தில் ஆசிரியர்களுக்கு அரசியல் குரலும் இருந்தது. அரசியலமைப்பின் 171ஆம் பிரிவுப்படி சட்ட மேலவை உறுப்பினர்களில் 12இல் ஒரு பங்கினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். உயர்நிலைக்குக் குறையாத கல்வி நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாவது பணியாற்றியவருக்கே வாக்கு என்பதால், எண்ணிக்கையில் மிகுந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதற்கு வெளியே நின்றனர். ஆயினும் ஆசிரியர் பிரச்சினை அவையில் நேரடியாக ஒலித்தது. 1986 நவம்பர் 1ஆம் நாள் மேலவை ஒழிக்கப்பட்டதோடு அந்தக் குரலும் அடங்கியது. 2010இல் மேலவையை மீட்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியும், 2011இல் ஆட்சி மாறியதால் அது உயிர்பெறவில்லை. கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய தென் மாநிலங்களில் ஆசிரியர் தொகுதிகள் இன்றும் இருக்கும்போது தமிழ்நாட்டில் இல்லாதது பெரும் குறை.

வகைகள்

ஆசிரியரின் உரிமை என்ன என்ற கேள்விக்கு, அவருக்குச் சம்பளம் தருபவர் யார் என்பதைக் கேட்காமல் விடை சொல்ல இயலாது. அரசு மற்றும் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு அவர்களுக்குக் காப்பு. உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் அரசிடமிருந்து, நியமனம் நிர்வாகத்திடமிருந்து. அவருக்குக் காப்பு, தனியார் பள்ளி ஒழுங்குமுறைச் சட்டம். சுயநிதிப் பள்ளி ஆசிரியருக்கு இரண்டும் நிர்வாகமே. அரசுப் பள்ளிக்குள்ளேயும் தொகுப்பூதியத்தில் பகுதிநேர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி போன்ற பாடங்களுக்கு 2012இல் மாதம் 5,000 ரூபாயில் 16,549 பேர் நியமிக்கப்பட்டனர்.

சங்கங்களோ பணிநிலை வாரியாகப் பிரிந்தவை. இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர், தமிழாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், தலைமையாசிரியர் என ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி அமைப்புகள், அவற்றுக்குள்ளும் பிளவுகள். கல்லூரி ஆசிரியர்களுக்கு ஏயூடி, மூட்டா போன்றவை. பதவி உயர்வில் ஒரு நிலையினரின் ஆதாயம் மற்றொரு நிலையினரின் இழப்பாக இருப்பதால் இந்தப் பிரிவினை மறையவில்லை. பொதுக் கோரிக்கை எழும்போது மட்டும் ஜாக்டோ என்ற கூட்டுக் குழுவில் சேர்வார்கள். அரசு ஊழியர் சங்கங்களும் இணையும்போது அது ஜாக்டோ-ஜியோ.

அடிக்கடி எழும் கேள்விகள்

சங்கத்தில் சேரலாமா என்பது புதிதாகப் பணியேற்பவரின் முதல் ஐயம். சங்கம் அமைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவில் உள்ளது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கும் அது உண்டு. அரசியல் கட்சியில் உறுப்பினராவதற்குத்தான் நடத்தை விதிகள் தடை.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் என்ன செய்வது என்பது அடுத்தது. ஆசிரியர் அறைகளில் 17-ஏ, 17-பி என்று பேசப்படுபவை ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் உட்பிரிவுகள். முன்னது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைக்கு. விளக்கம் பெற்று ஆணையிடலாம். பின்னது பதவியிறக்கம், நீக்கம் போன்ற பெரும் தண்டனைக்கு. முறையான விசாரணை கட்டாயம். ஆவணங்களைப் பார்க்கவும் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமை உண்டு. அச்சத்தில் உடனே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் பலர் செய்வது. ஆவண நகல்களைக் கேட்டுப் பெற்று, படித்தபின் விளக்கம் தருவதே சரி. தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு.

உதவி பெறும் பள்ளிகளுக்கு 1973ஆம் ஆண்டின் அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் திருப்புமுனை. கல்வித்துறையின் முன்னனுமதியின்றி எந்த ஆசிரியரையும் நீக்கக் கூடாது. தற்காலிகப் பணிநீக்கம் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது, மேலும் இரண்டு மாதம் மட்டுமே நீட்டிக்கலாம் என்று அது வகுத்தது. கல்லூரிகளுக்கு 1976இல் தனிச் சட்டம் வந்தது. பள்ளிச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2018ஆம் ஆண்டின் புதிய சட்டமும் 2023ஆம் ஆண்டின் விதிகளும் உள்ளன.

விடுப்பைப் பொறுத்தவரை, தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். கோடை விடுமுறை உள்ள பணி என்பதால் ஈட்டிய விடுப்பு ஆசிரியருக்கு 17 நாள் மட்டுமே. மகப்பேறு விடுப்பு 2016இல் ஒன்பது மாதமாகவும், 2021 ஜூலை முதல் ஓராண்டாகவும் உயர்ந்தது. ஒரே பணிநிலையில் 10 ஆண்டு முடித்தால் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை. உயர்கல்விக்கு வழங்கப்பட்டுவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020இல் நிறுத்தப்பட்டது. பணிப்பதிவேட்டை ஆண்டுக்கொரு முறை ஆசிரியரிடம் காட்டிக் கையெழுத்துப் பெற வேண்டும் என்பது விதி. இதைக் கேட்டு வாங்கிப் பார்க்காதவர்கள்தான் ஓய்வுபெறும் ஆண்டில் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள்.

கற்பித்தல் அல்லாத வேலைகளை மறுக்கலாமா என்றால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விடை சொல்கிறது. பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்று மட்டுமே விலக்கு. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது.

சுயநிதிப் பள்ளி ஆசிரியரின் நிலை வேறு. ஆசிரியர் தொழிலாளர் அல்லர், ஆகவே 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோவாவில் ஒரு பள்ளி ஆசிரியை தொடுத்த அவ்வழக்கு, நாடு முழுதும் உள்ள தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குத் தொழிலாளர் நீதிமன்றக் கதவை அடைத்தது. பணிக்கொடையும் அவர்களுக்கு இல்லை என்று 2004இல் மற்றொரு தீர்ப்பு வந்தபோது, நாடாளுமன்றம் 2009இல் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு அவ்வுரிமையைத் தந்தது. அத்திருத்தம் செல்லும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஐந்தாண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் அது கிடைக்க வேண்டும். கேட்பவர் மிகச் சிலரே. ஆசிரியரின் மூலச் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

வேலைநிறுத்தம்

1980களில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் பெரும் வேலைநிறுத்தங்களை நடத்தினர். எதுவும் 2003ஆம் ஆண்டின் போராட்டத்தைப் போல நாட்டை உலுக்கவில்லை. ஓய்வூதியப் பயன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஜூலை 2ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தை, டெஸ்மா எனப்பட்ட இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைத் திருத்தி அரசு எதிர்கொண்டது. ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே மூச்சில் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் டி. கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 6ஆம் நாள் அளித்த தீர்ப்பு, நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் தந்தவர்களுள் மிகப் பெரும்பாலோரை மீண்டும் பணியில் சேர்த்தது. அதே தீர்ப்பு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்றும் சொன்னது. தார்மீக உரிமை இல்லை என்று சொல்ல நீதிமன்றத்துக்கு இடமில்லை. அது வழக்கின் தேவையைத் தாண்டிய கருத்து.

இன்றும் வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற நாளுக்கு ஊதியம் கிடையாது. நடத்தை விதி 22இன் கீழ் நடவடிக்கையும் வரலாம். 2017 செப்டம்பரிலும் 2019 ஜனவரியிலும் ஆசிரியர்கள் இதை அறிந்தேதான் களமிறங்கினர்.

தற்போதைய நிலை

2003 ஏப்ரல் 1 முதல் பணியேற்றவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். அதற்காகச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடிக்கப்பட்டது. இத்திட்டத்தை ஆராய 2025இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைந்தது. ஓய்வு வயது 2021 முதல் 60. 2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களின் அடிப்படை ஊதியம், முன்பு சேர்ந்தவர்களைவிட 3,170 ரூபாய் குறைவாக நிர்ணயிக்கப்பட்ட முரண்பாட்டை எதிர்த்துப் போராட்டங்கள் தொடர்கின்றன. ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் எஞ்சியுள்ளோர் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பர் 21 முதல், மேலே சொன்ன தொழில் தகராறுச் சட்டம், பணிக்கொடைச் சட்டம் உள்ளிட்டவற்றின் இடத்தில் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன.