ரங்கூன் கூரையின் இறவாரம்

ரங்கூன் எனும் யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை பெறும் மழையினும் இது ஏறக்குறைய இருமடங்கு. அதன் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையிலான திங்கள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். இத்தகைய ஊரில் வீட்டின் ஆயுள் அதன் இறவாரத்தைப் பொறுத்தே அமைகிறது.

பர்மியர் இதனைத் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர். கால்நாட்டி உயர்த்திய தளம், மூங்கில் தட்டிச் சுவர், கழிமுகச் சேற்றில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலை வேய்ந்த கூரை என அமைந்தது அவர்தம் வீடு. மிகுந்த சரிவுடைய கூரை சுவரைக் கடந்து நீண்டிருந்தமையால், வடிந்த நீர் சுவரடியை ஊறவைக்காது தள்ளி விழுந்தது. உள்ளே மேலெழுந்த வெப்பக் காற்று, சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட திறப்பின் வழியே வெளியேறியது.

1852-இல் ரங்கூனைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், சதுரங்கக் கட்டங்கள்போல் தெருக்களை வகுத்துப் புதுநகர் அமைத்தனர். தம் தேக்குமர வீடுகளுக்கு அவர்களும் அகன்ற இறவாரத்தையே வைத்துக்கொண்டனர். ஆனால் துறைமுகத்திலும் மரக்கிடங்குகளிலும் உழைத்த தமிழருக்கும் தெலுங்கருக்கும் கிடைத்தவை நெரிசல் மிகுந்த, காற்றோட்டமற்ற அறைகளே. தேக்கைச் சுமந்த தோள்களுக்கு அத்தேக்கின் நிழல் வாய்க்கவில்லை.

1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவும் கப்பல் வழியாகவும் வெளியேறினர். 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின், 1964 முதல் உடைமை இழந்து தாயகம் திரும்பியோரும் மிகப் பலர். தமிழகத்தில் அவர்களுக்கெனப் பர்மா காலனிகள் எழுந்தன. மீண்டும் கூரை தேடும் நிலை வந்தது.

தகரமோ கல்நார்த் தகடோ வேய்ந்த சிறுவீடுகளில் வாழும் நமக்கும் இவ்வரலாறு உரியதே. தகட்டைச் சுவரோடு ஒட்டி வெட்டி நிறுத்தினால் மழைநீர் சுவரடியை அரிக்கும். மேல்திறப்பை அடைத்தால் பகல்வெப்பம் இரவிலும் உள்ளே தங்கும். அதேவேளை, நீண்ட இறவாரத்தின் அடியில் புயற்காற்றுப் புகுந்து கூரையை மேலே தூக்கக்கூடும். 2008 மே மாதம் வீசிய நர்கிஸ் புயல் யாங்கோனில் எண்ணற்ற கூரைகளைப் பிய்த்தெறிந்ததை நாம் மறத்தலாகாது. ஆகவே கைமரங்களைச் சுவரோடு இறுகப் பிணைத்தல் இன்றியமையாதது.

வீடு கட்டித் தரப்படும்போது அறையின் நீள அகலத்தைக் கேட்பதோடு அமையாது, இறவாரம் எத்தனை அடி என்றும் கேட்போம். அது சலுகை வேண்டுதல் அன்று, குடியிருப்போரின் உரிமை.