தலையில் நீர் கோக்குமா?

“தலையில் நீர் கோத்துக்கொண்டது; அதுதான் தொண்டைக்கு இறங்குகிறது” என்று சொல்லாத தமிழ்க் குடும்பம் அரிது. மூக்கடைப்பு, ஓயாத தொண்டைச் செருமல், காலையில் காறித் துப்பும் கோழை ஆகியவற்றுக்கு நம் பாட்டிமார் கூறிய காரணம் அது. நீர்க்கோவை என்னும் பெயரும் அவ்வெண்ணத்தைக் காட்டுவதே. இவ்வாறு எண்ணியவர் நாம் மட்டும் அல்லர். மேல்நாட்டு மருத்துவர்களும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். அந்நம்பிக்கை எவ்வாறு வீழ்ந்தது என்பது அறியத்தக்க வரலாறாகும்.

சளிநோயைக் குறிக்கும் ‘கட்டார்’ என்ற ஆங்கிலச் சொல், ‘கீழே ஒழுகுதல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. உடலைக் குருதி, கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கு நீர்கள் ஆள்கின்றன என்பது கிரேக்கர் கொள்கை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவ மேதை, மூளையின் கழிவே மூக்கின் மேலுள்ள சல்லடை எலும்பின் துளைகள் வழியே சளியாக வடிகிறது எனக் கற்பித்தார். மூளையைத் தூய்மை செய்வதாகக் கருதித் தும்மற்பொடி ஊதுவதும் மருத்துவமாயிற்று.

1543-ஆம் ஆண்டில் உடற்கூற்று நூல் வெளியிட்டுக் காலனின் பிழைகள் பலவற்றைத் திருத்திய வெசாலியசும் இக்கொள்கையை விடவில்லை. மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியைக் கோழையை ஏற்கும் சுரப்பி என்றே அவர் குறித்தார். ‘பிட்யூட்டரி’ என்ற அதன் பெயரில் கோழையைக் குறிக்கும் இலத்தீன் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அச்சுரப்பிக்கும் சளிக்கும் தொடர்பு யாதுமில்லை!

செர்மனியின் விட்டன்பர்க் நகரப் பேராசிரியர் கொன்ராடு விக்டர் சினைடர் 1655-இல் அந்தச் சல்லடை எலும்பைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதன் துளைகள் மோப்ப நரம்புகளுக்கு உரியவை. சளி செல்லும் வழிகள் அல்ல என்று காட்டினார். 1660 முதல் வெளிவந்த அவருடைய பெருநூல், சளியைச் சுரப்பது மூக்கின் உட்சவ்வே என நிலைநாட்டியது. பத்தாண்டு கழித்து ஆங்கில மருத்துவர் ரிச்சர்டு லோயரும் அதனை வலியுறுத்தினார். ஏறத்தாழ 1,500 ஆண்டுக் கொள்கை ஓர் எலும்பைக் கூர்ந்து நோக்கியதால் சரிந்தது.

உயிருள்ள மனிதனின் தொண்டையை நோக்க வழிகண்டவரோ ஓர் ஆசிரியர். மானுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர் 1854-இல் சிறு கண்ணாடிகளின் உதவியால் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். பின்னர் செர்மாக் என்பவர் அத்தகைய கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பி, மூக்கின் பின்புறத்தையும் கண்டார்.

இன்று நாம் அறிவது யாது? மூக்கின் சவ்வு நாள்தோறும் சளியைச் சுரக்கிறது. நுண்மயிர்கள் அதனைப் பின்னோக்கித் தள்ள, நாம் அறியாமலே விழுங்குகிறோம். இது நோயன்று, காவல். ஒவ்வாமை, எலும்பறைகளின் அழற்சி, புகை ஆகியவற்றால் சளி மிகும்போதோ தடிக்கும்போதோதான் தொல்லை தோன்றுகிறது. இரைப்பை அமிலம் தொண்டைவரை ஏறினாலும் சளி நிற்பதுபோல் தோன்றும். ‘மூக்கின் பின்னொழுக்கு’ என்ற நோய்ப்பெயரையே 2006-இல் அமெரிக்க நெஞ்சு மருத்துவர் கல்லூரி ‘மேல்மூச்சுப்பாதை இருமல் நோய்’ என மாற்றியது. இருமலை உண்டாக்குவது ஒழுகும் சளிதானா, மூச்சுப்பாதையின் உறுத்தலா என்பது தெளிவாகாமையே அதற்குக் காரணம்.

ஆதலின் மருந்தும் காரணத்தைப் பொறுத்தது. ஒவ்வாமைக்கு மூக்கில் பீச்சும் மருந்து. அமிலத்துக்கு இரவுணவை முன்னதாக உண்ணல். தடித்த சளிக்குக் கொதித்தாறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். வகுப்பில் ஓயாது செருமும் ஆசிரியர் ஒன்றை நினைவிற்கொள்க: செருமச் செருமத் தொண்டை புண்பட்டு மேலும் செருமத் தூண்டும். ஒரு மிடறு நீர் பருகுதலே நன்று. சளியில் குருதி, மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குரற்கம்மல், விழுங்கத் தடை, கழுத்தில் கட்டி ஆகியவை தோன்றினால் மருத்துவரை அணுகுதல் வேண்டும். தலையில் அடிபட்டபின் மூக்கில் தெளிநீர் சொட்டினால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. எலும்பு உடைந்தால் மூளைநீர் உண்மையிலேயே கீழிறங்கக் கூடும்.

நீர்க்கோவை என்ற சொல் வாழட்டும். அது நம் மொழிச் செல்வம். ஆனால் சொல் வாழ்வதால் அதனுள் உறையும் கருத்தும் உண்மையாகிவிடாது. மாணவர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்துவது ஆசிரியர் கடன்.