ஊவா மலையில் யாருக்குச் சிலை?

ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்ன தோட்டத்தின் வழியே மேலேறினால் லிப்டன் ஆசனம் என்னும் உச்சி வரும். தோமஸ் லிப்டன் அமர்ந்து தமது தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் அந்த இடத்தில், அமர்ந்த கோலத்தில் அவருக்கு ஒரு சிலை உண்டு. கிளாஸ்கோவில் மளிகைக் கடை நடத்தியவர் 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஊவாத் தேயிலையை உலகம் அறியச் செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவருக்குச் சிலை இருப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த உச்சியில் நின்று பார்க்கும்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரியும் பச்சையை உண்டாக்கியவர்களை எந்த உருவத்தில் காண்பது? தேயிலைப் பொட்டலத்தில் சிரிக்கும் பெண்ணைத் தவிர அவர்களுக்கு வேறு உருவம் பொதுவெளியில் அரிது. அந்தச் சிரிப்பை வரைந்தவர்கள் தோட்டத்தவர்கள் அல்லர்.

மலையக மக்களுக்குச் சிற்ப மரபு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தோட்டத்துத் தெய்வங்களைப் பாருங்கள். தேயிலை ஸ்டோரின் சக்கரத்துக்கு ஒரு சாமி, ரோதைமுனி. கவ்வாத்து வெட்டுவதற்கு முன் கும்பிட ஒரு கவ்வாத்துச்சாமி. கொழுந்துக்கும் ஒரு சாமி. பெரும்பாலும் மரத்தடியில் நட்ட கல், ஒரு சூலம், மஞ்சள் குங்குமம், அவ்வளவுதான். தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து முனியையும் மாடசாமியையும் கொண்டுவந்தவர்கள், புதிய மண்ணில் புதிய ஆபத்துகளைக் கண்டதும் அவற்றுக்கேற்ற தெய்வங்களைப் படைத்துக்கொண்டார்கள். ஓடும் சக்கரத்தில் கை சிக்கிவிடும் என்ற அச்சத்துக்கு ஊரில் தெய்வம் இருக்கவில்லை. தோட்டத்தில் அது தேவைப்பட்டது. உழைப்பின் கருவியையே வணங்கும் உருவமாக்கியது ஒரு பெரிய கலைக் கற்பனை.

மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்தும் அப்படித்தான். வளர்பிறையில் காமன் பொட்டலில் ஆமணக்குக் கொம்பையும் கரும்பையும் வைக்கோலையும் சேர்த்துக் கட்டி ஊன்றுகிறார்கள். தப்பு முழங்க, இரவிரவாக ரதி மதன் கதை ஆடப்படுகிறது. கடைசியில் தகனம். காமனைக் கட்ட ஒருவர், வேடம் தைக்க ஒருவர், முகத்தில் அரிதாரம் பூச ஒருவர் என்று லயமே கூடிச் செய்கிற வேலை அது. இன்று சமூகக் கலை என்ற பெயரில் நகரங்களில் பேசப்படுவது, தோட்டத்தில் பெயரில்லாமலே நூறாண்டுக்கு மேலாக நடந்துவருகிறது. அது எரிந்து முடிவதால் அருங்காட்சியகத்துக்குள் வரவில்லை என்பதே வேறுபாடு.

எழுத்தில் இந்தக் குறை இல்லை. பதுளை மண் தந்த தெளிவத்தை ஜோசப், தாம் ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு, லயத்துக் காம்பராவையும் பெரட்டுக்களத்தையும் தமிழ்ப் புனைகதையில் நிலைநிறுத்தினார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்தில் பாடியதோடு, மக்கள் பாடல்களையும் தேடித் தொகுத்தார். தூரிகைதான் பிந்தி வந்தது. காரணம் வெளிப்படை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1970களின் பிற்பகுதியில்தான் முழுமூச்சாக நடந்தது. எழுத்தும் கணக்கும் கற்பிக்கவே ஆசிரியர் இல்லாத இடத்தில் சித்திர ஆசிரியருக்கு எங்கே போவது?

அந்த இடைவெளியை இப்போதைய தலைமுறை நிரப்பத் தொடங்கியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேத்தண்ணி வடியையும் பயன்படுத்திய தேயிலைப் பைகளையும் தம் படைப்புக்கு ஊடகமாக்கினார். கறையே இங்கு வண்ணம். யார் உழைப்பின் சாறு யார் கோப்பையில் வடிகிறது என்ற கேள்வியை அந்த வடியைத் தவிர வேறெந்தப் பொருளும் இவ்வளவு நேராகக் கேட்டுவிட முடியாது. அவருடைய பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த ஓவியர் தா. சனாதனன், 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், மக்களின் வீடுகளிலிருந்து திரட்டிய பொருள்களைக் கொண்டே போர்க்காலத்தின் வரலாற்றைக் காட்சியாக்கியவர். மக்கள் பொருளே ஆவணம், அதைக் கொடுத்தவரே பங்காளி என்ற அந்த நெறி மலையகத்துக்கும் பொருந்தும்.

பொருளைச் சேர்த்துவைக்கும் வேலையும் தொடங்கிவிட்டது. கண்டிக்கு அருகே ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம், 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் இயந்திரங்களின் கதையைச் சொல்கிறது. அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து கொடுத்தவர்களின் கதையைச் சொல்ல, கம்பளைப் பகுதியில் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்திலேயே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இல் திறக்கப்பட்டது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி அது. லயம்தான் காட்சிக்கூடம் என்பதால் அங்கே சுவரும் கூரையும்கூடக் காட்சிப்பொருள்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போகும் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுகிறோம். உட்காரவைத்து வரையச் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடையை வரைகிற பிள்ளை, கயிறு தலையில் எங்கே அழுத்தும், பாரம் முதுகில் எங்கே இறங்கும் என்று பார்த்தாக வேண்டும். கவ்வாத்துக் கத்தியை வரையும்போது, பிடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்து பிடித்த கை தெரியும். இடுப்பில் கட்டும் படங்கின் மடிப்பை வரைந்தவள், அதை அம்மா ஏன் அவ்வளவு இறுக்கிக் கட்டுகிறாள் என்று வீட்டில் கேட்பாள்.

அப்படி வரைந்த கைதான் சிலைக்கும் உரியது. சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌதுரி செய்தது. ஓவியப் பள்ளியின் காவலாளியே அதற்கு உருமாதிரியாக நின்றார் என்பர். பாறையை நெம்பும் அந்த நால்வரும் ஆண்கள். ஊவாவில் எழும் சிலை அப்படி இருக்க முடியாது. கொழுந்து மலையில் பெரும்பாலும் பெண்களே நிற்கிறார்கள். அதற்குப் பளிங்கும் வெண்கலமும் வேண்டியதில்லை. ஸ்டோரில் கழித்துப் போட்ட இரும்பு உண்டு. பிடுங்கி எறிந்த முதிய தேயிலை மரங்களின் முறுக்கேறிய தூர் உண்டு. கான் வெட்டிக் கல்லுக்கட்டு எழுப்பத் தெரிந்த கைகள் உண்டு. வடகீழ்ப் பருவ மழையையும் ஆடி ஆவணிக் காற்றையும் தாங்குவது எது என்று அந்தக் கைகளுக்குச் சிற்பியைவிட நன்றாகத் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். 1992 முதல் தோட்டங்கள் கம்பனி நிர்வாகத்தில் இருக்கின்றன. குடியிருக்கும் லயமே தொழிலாளிக்குச் சொந்தமில்லை. கோயில் முற்றம், காமன் பொட்டல், பாடசாலை வளவு ஆகிய மூன்றும்தான் மக்கள் தம்முடையது என்று சொல்லக்கூடிய வெளி. சிலை அங்கேதான் எழ வேண்டும், சுற்றுலாப் பயணி படமெடுக்கும் வளைவில் அல்ல.

1823இல் கம்பளைச் சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டத்துக்கு வந்த முதல் தொழிலாளரிலிருந்து எண்ணி, 2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தும் காட்டினோம். இனிப் பதுளை மாவட்டத்தில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய இடங்களிலுள்ள பாடசாலைகளின் அதிபர்களும் சித்திர ஆசிரியர்களும் கோயில் பரிபாலன சபையினரும் கூடி, தோட்டத்துக்கு ஒரு காம்பராவைக் கேட்டு வாங்குங்கள். அதில் பழைய கூடையையும் கத்தியையும் தப்பையும், கொடுத்தவர் பெயர் எழுதி வையுங்கள். பிள்ளைகளை வரையவிடுங்கள். பிறகு எழுப்பும் சிலையின் பீடத்தில், திறந்துவைத்த பிரமுகரின் பெயருக்கு முன்னால் அதைச் செய்த தோட்டத்தவர்களின் பெயர்களைப் பொறியுங்கள்.