சிரட்டைக் காடியும் கீற்றீன் வாயுவும்

தென்னைக்குப் பேர்போன இலங்கையிலே ஒருகாலத்தில் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அசற்றிக்கமிலம் வடிக்கப்பட்டதென்பதை இன்று அறிந்தோர் சிலரே. 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் கைப்பட, நேசநாடுகளின் இறப்பர்த் தேவைக்குப் பெரும்பாலும் இலங்கையே கதியாயிற்று. இறப்பர்ப் பாலைத் திரளச்செய்ய அமிலம் வேண்டும். அதுவோ கப்பலேறி வரவேண்டிய பொருள். ஆகவே அரசாங்கம் சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள மாதம்பையில் ஓர் அசற்றிக்கமிலத் தொழிற்சாலையை நிறுவிற்று. சிரட்டையைக் காற்றுப்புகாக் கலத்திலிட்டுச் சுடக் கரி எஞ்சும். வெளிவரும் ஆவியைக் குளிரவைக்கத் தாரும் புளிநீரும் கிடைக்கும். அப்புளிநீரிலேயே அமிலம் உளது. போர் ஓய்ந்து மலிவான வெளிநாட்டமிலம் கொழும்புத் துறைமுகத்தில் மீண்டும் இறங்கலாயிற்று. அதன்பின் இம்முயற்சி நிலைக்கவில்லை.

இழப்பு அமிலத்தோடு நின்றதா என்பதே நம் வினா. அசற்றிக்கமில மூலக்கூறொன்றிலிருந்து நீர் மூலக்கூறொன்றை நீக்கின் எஞ்சுவது கீற்றீன் என்னும் வாயு. இவ்வினத்தின் முதற்பொருளை 1905இல் கண்டவர் செருமானியரான எர்மன் சுடோடிங்கர். தனிக் கீற்றீனை 1907இல் இலண்டனிற் பெற்றவர் அவுத்திரேலியரான வில்சுமோர். அவர் சூடேறிய பிளாற்றினக் கம்பியை அசற்றிக்கு நீரிலியில் அமிழ்த்தி அதனைப் பிரித்தார். கைத்தொழிலாளரோ அவ்வழியைத் தலைகீழாக்கினர்! ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேல், மூவெதைல் பொசுபேற்றை ஊக்கியாகக் கொண்டு அமிலத்தைச் சிதைத்துக் கீற்றீனாக்கி, அதனை மேலும் அமிலத்துட் செலுத்தி நீரிலியைப் பெற்றனர். கீற்றீன் கொடிய நஞ்சு. சேமித்து வைக்கவும் இயலாது. பிறந்த இடத்திலேயே அது பயன்பட்டாக வேண்டும். அமிலம் மலிவாய்க் கிடைக்குமிடத்தில் இத்தொழில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில் வாங்கும் அசுப்பிரின் இந்நீரிலியின் துணைகொண்டு ஆவது. வெள்ளவத்தைப் படமாளிகைகளில் முன்னாளில் ஓடிய செலுலோசு அசற்றேற்றுச் சுருளும் அத்தகையதே. எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுச் சுருளை அது 1950 அளவில் அகற்றியது பெரும் நன்மை. ஆயினும் வெப்பமும் ஈரமும் மிக்க நம் காலநிலையில் அது மெல்லச் சிதைந்து, தான் பிறந்த அமிலத்தையே வெளிவிடும். பழைய சுருட்பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் காடிநெடி அதுவே. அந்நெடி எழுந்தபின் சுருளைக் குளிர்ந்த, உலர்ந்த அறைக்கு மாற்றிப் படியெடுப்பதன்றி வேறு வழியில்லை. சிதைவைத் தாமதிக்கலாம், மீட்க முடியாது.

இருகீற்றீனின் கதை வேறு. கீற்றீன் மூலக்கூறுகள் இரண்டு இணைந்த இப்பொருள் 1908இல் அறியப்பட்டும், அதன் கட்டமைப்பைப் பற்றிய வழக்கு நாற்பதாண்டுக்கு மேல் நீடித்தது. மஞ்சள் நிறப்பொருள்கள் பலவற்றிற்கு அது இன்று மூலம்.

சிரட்டைக் காடியைக் கொண்டு கீற்றீன் ஆலையொன்றை நடத்தியிருத்தல் கூடுமோ? அளவு போதியிராதென்றே கருதுகிறேன். ஆனால் சிரட்டைக் கரி இன்றும் நம் ஏற்றுமதிப் பண்டம். வடிகட்டலுக்கான கிளர்வுற்ற கரி அதிலிருந்தே ஆக்கப்படுகின்றது. குழியிலிட்டுச் சுடும் பழைய முறையில், மாதம்பையார் குளிரவைத்துப் பிடித்த அந்த ஆவி, அயலவர் கண்ணைக் கரிக்கும் புகையாய்த் தோட்டத்துக்கு மேலே கலைந்துபோகின்றது.