கோரமண்டல் இறாலுக்கு யார் சொந்தக்காரர்?

பாண்டி பெரிய மார்க்கெட்ல மீன் விக்கிற அக்காகிட்ட "இது என்ன இறால்?"ன்னு கேட்டேன். "வெள்ளை இறால்பா, எவ்ளோ போடட்டும்?"னாங்க. அவங்களுக்கு அதுக்கு மேல பேர் தேவையில்ல. ஆனா விஞ்ஞானத்துல அந்த வெள்ளை இறாலுக்கு ஒரு பேர் இருக்கு: பீனியஸ் இண்டிகஸ். அந்தப் பேர் நம்ம கரையில கட்டி வெச்ச ஒரு நங்கூரம். இன்னைக்கு அந்தக் கதைதான்.

1837ல பாரிஸ்ல ஆன்றி மில்ன் எட்வர்ட்ஸ் ஓட்டுடலிகள் பத்தின தன் பெரிய நூலோட இரண்டாம் பாகத்துல இந்த இறாலை விவரிச்சார். அது வாழற இடம்னு அவர் எழுதினது கோரமண்டல் கரை, அதாவது நம்ம சோழமண்டலக் கரை. அப்போ பாண்டி பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தது. கப்பல்ல செடி, பறவை, மீன் எல்லாம் இங்கிருந்து பாரிஸுக்குப் போன காலம் அது.

கொஞ்சம் தெற்கே, காரைக்காலுக்கு முன்னாடியே தரங்கம்பாடி. அது அப்போ டேனிஷ்காரங்க ஊர். அங்க இருந்த டால்டோர்ஃப் சேர்த்த உயிரினங்களை வெச்சு, லின்னேயஸோட மாணவர் ஃபாப்ரிசியஸ் பல நண்டுகளுக்கும் இறால்களுக்கும் பேர் வெச்சார். புலி இறாலுக்கு 'மோனோடான்'னு அவர் பேர் வெச்சது 1798ல. ஆனா குறிப்பு ரொம்பச் சுருக்கம். அதனால பின்னாடி வந்தவங்க அந்தப் பேரையும் 'செமிசல்கேட்டஸ்'ங்கிற இன்னொரு இறாலோட பேரையும் போட்டுக் குழப்பிட்டாங்க. 1949ல டச்சு ஆய்வாளர் ஹோல்தைஸ் தனியா ஒரு கட்டுரை எழுதித்தான் அதைத் தீர்த்தார். நூத்தைம்பது வருஷம்!

குழம்பினவங்களைத் திட்ட முடியாது. இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டுற அடையாளங்கள்ல ஒண்ணு, அஞ்சாவது ஜோடிக் கால்ல ஒரு குட்டிக் கிளை இருக்கா இல்லையாங்கிறது. வெள்ளை இறாலையும் அதோட நெருங்கிய சொந்தமான 'மெர்குயென்சிஸ்' இறாலையும் பிரிக்கணும்னா, வளர்ந்த ஆணோட வாய்ப்பக்கத்து உறுப்புல கடைசிக் கணுவோட நீளத்தைப் பார்க்கணும். பெண்ணா இருந்தா வேற அடையாளம் தேடணும்.

இங்கதான் மரபணு வருது. தாய்வழியா மட்டும் வர மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏல சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படிச்சு ஒப்பிடுறாங்க. ஜப்பானிய குருமா இறாலைப் பாருங்க. 1888ல பேட் வெச்ச பேர் 'ஜப்பானிகஸ்'. ஒரே இனம்னுதான் நினைச்சாங்க. 2005ல ஹாங்காங் ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்தா உள்ளே ரெண்டு கூட்டம். அப்புறம் ஓட்டுமேல இருக்கிற பட்டைகளைப் பார்த்தா, அதுலயும் வித்தியாசம் இருந்திருக்கு.

சரி, ரெண்டுல எதுக்குப் பழைய பேர்? இதை மரபணு சொல்லாது. அந்த எழுத்துகள்ல பேர் எழுதியிருக்காது. முதல்ல பேர் வெச்ச மாதிரி எந்தக் கடலைச் சேர்ந்ததுன்னு பார்க்கணும். அதனால 'ஜப்பானிகஸ்' ஜப்பான் பக்கக் கூட்டத்துக்கே நின்னுச்சு. இன்னொண்ணுக்கு, தென்னாப்பிரிக்க இறாலுக்கு ஸ்டெபிங் 1914ல வெச்சு எல்லாரும் மறந்துபோன 'புல்க்ரிகாடேட்டஸ்'ங்கிற பேரைத் தூசி தட்டி எடுத்தாங்க.

மரபணு எப்பவும் பிரிச்சுக்கிட்டே போகும்னும் நினைக்காதீங்க. 1997ல உடலமைப்பை வெச்சு பீனியஸ் பேரினத்தை ஆறா உடைச்சாங்க. நம்ம வெள்ளை இறால் 'ஃபென்னரோபீனியஸ்' ஆச்சு. இறால் பண்ணை ஆய்வாளர்கள் பலர் கடுப்பானாங்க. பிறகு வந்த டிஎன்ஏ ஆய்வுகள் அந்தப் பிரிவுகள் சிலதுக்கு ஆதரவு தரல. 2011ல வந்த ஒரு ஆய்வு எல்லாத்தையும் பழையபடி பீனியஸ்குள்ளயே சேர்க்கச் சொன்னது.

வெள்ளை இறால் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில இருந்து இந்தோனேசியாவையும் தாண்டிப் பரவியிருக்கு. நாளைக்கு யாராவது அதுக்குள்ள ரெண்டு இனம் இருக்குன்னு காட்டினா, 'இண்டிகஸ்' பேர் நம்ம கரைக் கூட்டத்துக்குத்தான். அந்த வழக்குல இங்க வலையில சிக்கின இறால்தான் முக்கிய சாட்சி. டிஎன்ஏ எடுத்துட்டு உடலைத் தூக்கிப் போட்டுடாம, எங்க பிடிச்சதுங்கிற குறிப்போட அருங்காட்சியகத்துல வைக்கணும்னு சொல்றது அதுக்குத்தான்.

ஆமா, அன்னைக்கு மார்க்கெட்ல பக்கத்துக் கூடையில இருந்தது வனாமி. பசிபிக் கரை லத்தீன் அமெரிக்காவோட இறால், 2009ல இருந்து இங்க பண்ணைகள்ல வளர்க்குறாங்க. அதுவும் வெளுப்பாத்தான் இருந்துச்சு. அக்கா ஒரு பார்வையிலேயே பிரிச்சுச் சொன்னாங்க. நான் அரை கிலோ தப்பா வாங்கிட்டு வந்தேன்.