நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் (வீட்டுக் கணினி)

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் என்பது கணினிக்குள் நுழையும் தீங்கு நிரல்களைக் கண்டறிந்து தடுத்து நீக்கும் மென்பொருள். பேச்சுவழக்கில் ஆன்டிவைரஸ். வைரஸ் மட்டுமன்றிப் புழு, டிரோஜன், உளவு நிரல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆகியவற்றையும் இது எதிர்கொள்கிறது.

வரலாறு

ஐபிஎம் வகைத் தனிக்கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் எனப்படும் 'பிரெயின்', 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் எழுதப்பட்டு ஃபிளாப்பி வட்டுகள் வழியே பரவியது. மறு ஆண்டே ஜெர்மனியின் பெர்ன்ட் ஃபிக்ஸ் 'வியன்னா' வைரஸை நீக்கும் நிரலை எழுதினார். இந்தியாவில் புனேயின் குயிக் ஹீல், சென்னையின் கே7 ஆகியவை 1990கள் முதல் இத்துறையில் உள்ளன. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் இயங்குதளத்துடனேயே முழுமையான ஆன்டிவைரஸாக வருகிறது.

செயல்முறை

அறியப்பட்ட தீங்கு நிரல்களின் அடையாளப் பட்டியலோடு ஒவ்வொரு கோப்பும் ஒப்பிடப்படுகிறது. பட்டியலில் இல்லாத புதியவை நடத்தையால் பிடிபடுகின்றன: ஒரு நிரல் குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றத் தொடங்கினால் அது நிறுத்தப்படும்.

தேர்வு

விண்டோஸ் 11 வைத்திருக்கும் பெரும்பாலான வீடுகளுக்கு உடன்வரும் டிஃபெண்டரே போதும். வேறொன்றை வாங்க விரும்புவோர் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனைக்கூடங்களின் முடிவுகளைப் பார்க்கலாம். பிடிக்கும் திறன், தவறான எச்சரிக்கைகளின் அளவு, கணினியின் வேகத்தைக் குறைக்கும் அளவு ஆகிய மூன்றும் அவற்றில் அளக்கப்படுகின்றன. முதலாண்டுச் சலுகை விலையோடு புதுப்பிப்புக் கட்டணத்தையும் கேட்டறிய வேண்டும். நிகழ்நேரத்தில் காவல் காக்கும் இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒரே கணினியில் வைத்தால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், கணினி மந்தமாகும். 'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது' என்று உலாவியில் திடீரெனத் தோன்றும் அறிவிப்பு பெரும்பாலும் மோசடியே.

பராமரிப்பு

நிகழ்நேரப் பாதுகாப்பும் தானியங்கிப் புதுப்பிப்பும் எப்போதும் இயங்க வேண்டும். சந்தேகக் கோப்பு உடனே அழிக்கப்படாமல் தனிமைப்படுத்தப்படுவதால், தவறாகப் பிடிபட்டதை மீட்க முடியும். மென்பொருள் விழிப்பாக இருக்கிறதா என்று அறிய, தீங்கற்ற 68 எழுத்துகள் கொண்ட ஐகார் சோதனைக் கோப்பு பயன்படுகிறது. சந்தா முடிந்த ஆன்டிவைரஸைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் நீக்கிவிட வேண்டும். பழைய பட்டியலோடு இருக்கும் காவலன் புதிய திருடனை அறியான்.

வரம்புகள்

2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்னும் ரான்சம்வேர் நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே வீழ்ந்தன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. திருத்தம் வராத இயங்குதளத்தின் ஓட்டைகளை எந்த ஆன்டிவைரஸாலும் அடைக்க இயலாது. போலி அழைப்பை நம்பி ஒருவர் தாமே சொல்லிவிடும் ஓடிபி எண்ணையும் அதனால் காக்க முடியாது. ரான்சம்வேர் பூட்டிய குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் மீட்க உறுதியான வழி, கணினியிலிருந்து கழற்றித் தனியே வைத்த வட்டிலுள்ள காப்புநகல்தான்.