பரவூர் யூதப்பள்ளி: வழிபாட்டிடம் அருங்காட்சியகமான வரலாறு

கேரளத்தின் வட பரவூரிலுள்ள யூதர் தொழுகைக்கூடம் மக்கள் வழக்கில் யூதப்பள்ளி எனப்படுகிறது. மண்டைக்காடு உள்ளிட்ட நாஞ்சில் நாட்டுப் பகுதிகளும் பரவூரும் 1956 வரை ஒரே மாநில எல்லைக்குள் இருந்தன. ஆதலின் பரவூர் யூதர் வரலாறு குமரி மாவட்ட வரலாற்றாய்வுக்கும் அயலானதன்று.

யூதர் குடியேற்றத்திற்கான முதன்மைச் சான்று, கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த செப்பேடாகும். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட இச்செப்பேடு அஞ்சுவண்ணத்தையும் 72 உரிமைகளையும் வழங்குகிறது. வேணாட்டு அய்யனடிகள் காலத்துக் கொல்லம் செப்பேடும் (கி.பி. 849) அஞ்சுவண்ண வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது, அதன் சாட்சிக் கையொப்பங்களுள் சில எபிரேய எழுத்தில் அமைந்தவை.

பரவூர்ப் பள்ளியின் கட்டுமானத்தை அங்குள்ள எபிரேயக் கல்வெட்டு 1616ஆம் ஆண்டளவில் வைக்கிறது. வாயில் மாளிகை, முற்றம், தூண்வரிசை நடை, தொழுகை மண்டபம் என அது நீண்டு செல்கிறது. மண்டபத்தின் நடுவிலுள்ள வாசிப்பு மேடையோடு மாடத்திலும் ஒரு மேடை அமைவது கேரளப் பள்ளிகளுக்கே உரிய தனிக்கூறாகும். அம்மாடத்தை ஒட்டிய பகுதியில் பெண்கள் அமர்ந்தனர்.

1950களில் பெரும்பாலான யூதர் இசுரேலுக்குப் புலம்பெயர்ந்தனர். வழிபாட்டுச் சமூகம் நீங்கியதால் கட்டடம் சிதைவுற்றது. பின்னர் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின்கீழ் அது சீரமைக்கப்பட்டுக் கேரள யூதர் வரலாற்று அருங்காட்சியகமாயிற்று. அருகிலுள்ள சேந்தமங்கலம் பள்ளி 2006இலேயே காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த, சாரா என்னும் பெண்ணின் எபிரேயக் கல்லறைக் கல் அங்கு உள்ளது.

எனினும், சீரமைப்பு மூலத்தை முழுமையாக மீட்டதாகக் கொள்ள இயலாது. தோராச் சுருள்களை வைக்கும் பரவூரின் பழைய மரப்பேழை இன்று எருசலேமின் இசுரேல் அருங்காட்சியகத்தில், மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் உட்பகுதியோடு இணைத்து வைக்கப்பட்டுள்ளது. பரவூரில் இருப்பது அதன் படியே. பெண்கள் கையேடுகளில் எழுதிக் காத்த மலையாளப் பாடல்களும் புலம்பெயர்ந்தோருடன் சென்றன. இவ்வாறு கட்டடம் ஓரிடத்தும் பேழையும் பாடல்களும் வேறிடத்தும் பிரிந்தன.

எனவே, பரவூர்க் கட்டடத்தை மட்டும் சான்றாகக் கொள்ளும் ஆய்வு வணிகத் தலைவரையும் கொடையாளரையுமே முன்னிறுத்தும். மாடத்தில் அமர்ந்த பெண்களின் வரலாறு அப்பாடல்களிலேயே கூடுதலாகக் கிடைக்கிறது. செப்பேடு, கட்டடம், பாடல் ஆகிய மூவகைச் சான்றுகளையும் இணைத்து நோக்கும்போதே, அருங்காட்சியகமாக எஞ்சியுள்ள இப்பள்ளி ஒரு சமூகத்தின் வாழ்விடமாக விளங்கியமை புலப்படும்.